வழித்துணையாய் நின்ற குளங்கள்

பாலை என்று தனித்த நிலம் ஒன்று இல்லை என்பது பழந்தமிழர் கொண்ட முடிபு. காடு, மலை, வயல், கடற்கரை என்னும் நான்கு நிலங்களுக்கே தொல்காப்பியம் தெய்வம் வகுத்தது. பாலைக்கு நிலம் கூறாது, நண்பகலையும் வேனிலையும் அதன் பொழுதாகக் கூறி அமைந்தது. மழை மறுத்த காலத்தில் காடும் மலையும் வறண்டு மேற்கொள்ளும் கோலமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கும். இக்கருத்து எவ்வளவு நுட்பமானது என்பதை அறிய அராபிய மணற்பரப்புக்கோ இராஜஸ்தானத்துக்கோ போக வேண்டியதில்லை. இலங்கையின் வன்னிப் பெருநிலத்தை மார்கழியில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் கண்டவர்க்கு அது தானே விளங்கும்.

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், வவுனியாவுக்கு வடக்கே 30 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது கனகராயன்குளம். வடக்கே மாங்குளம், தெற்கே புளியங்குளம். இப்பகுதி பெறும் ஆண்டு மழை 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் அளவினது. சென்னை நகரம் பெறும் மழைக்கு இது ஏறத்தாழ ஒப்பானது. ஆகவே இதனைப் பாலைவனம் என்று எந்தப் புவியியலாளரும் கூறார். ஆயினும் அம்மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையுள்ள சில மாதங்களுள் வாடைக் காற்றோடு வந்து கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றோ மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரமெல்லாம் இறக்கிவிட்டு, வெறும் வெப்பக் காற்றாக வன்னிக்கு வந்து சேரும். அப்பொழுது மண் வெடிக்கும், புல் கருகும், வெப்பம் 35 பாகையைத் தாண்டும். கனகராயன்குளத்தின் பெயரையே தாங்கி வடக்கு நோக்கிப் பாய்ந்து, இரணைமடுவை நிரப்பிச் சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கும் கனகராயன் ஆறும் அம்மாதங்களில் மணற்படுகையாகக் கிடக்கும். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு வன்னியில் ஒன்றேனும் இல்லை.

இத்தகைய நாட்டின் ஊடே, புகையிரதமும் மோட்டார் வண்டியும் வருவதற்கு முன், கோடையிற் பயணம் செய்தவர்கள் எவ்வாறு தம்மை ஆயத்தப்படுத்திக் கொண்டனர்? யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். இன்று பேருந்து சில மணி நேரத்திற் கடக்கும் இவ்வழியை மாட்டு வண்டி கடக்க நான்கு ஐந்து இரவுகள் வேண்டியிருந்தன. கால்நடையாகச் சென்றோர்க்கும் அவ்வளவே ஆயிற்று.

வறண்ட நாட்டைக் கடப்பதற்குச் செய்த முன்னேற்பாட்டை விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1660-இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட இவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679-இல், ஸ்டீபன் ரட்லண்ட் என்னும் தோழருடன் வடக்கு நோக்கித் தப்பினார். அவர்கள் சென்ற வழி கனகராயன்குளத்துக்குத் தென்மேற்கே, அனுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயா என்றும் அருவியாறு என்றும் வழங்கும் ஆற்றின் கரையோடு கடலை நோக்கிச் சென்றது. ஆயினும் நாடு ஒன்றே, வெயிலும் ஒன்றே. சிறு வியாபாரிகளைப் போலப் பொருள்களைச் சுமந்து ஊரூராய்த் திரிந்து, வழியையும் மொழியையும் மனிதரையும் அவர்கள் பல ஆண்டுகள் பழகிக்கொண்டனர். அரிசியும் உலர்ந்த இறைச்சியும் சமைக்கப் பாத்திரமும் தீமூட்டும் கல்லும் கொண்டனர். முட்களுக்கு அஞ்சிக் காலணி செய்ய மான்தோலும், மழைக்கும் பனிக்கும் கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலையும் எடுத்தனர். நாளையும் கணித்தே புறப்பட்டனர். தேய்பிறையின் இறுதியிற் கிளம்பினால், காட்டில் ஒளிந்தோடும் நாட்களில் வளர்பிறை நிலவு கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். செப்டம்பர் 22-ஆம் நாள் புறப்பட்டு, அக்டோபர் 18-ஆம் நாள் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

இத்துணை ஏற்பாடு செய்தவர்களையும் முன்னர் ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியது காவற்படை அன்று, நீரின்மையே. வடக்கு நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகளிற் குளங்கள் வற்றியமையால் அவ்வழியே செல்ல இயலவில்லை என்று நொக்ஸ் எழுதுகிறார். எருமைகள் புரண்ட சேற்றுக் குளநீரைக் குடித்துக் காய்ச்சலுற்றதையும், பின்னர் அந்நாட்டார் சொற்படி கஞ்சா இலைப் பொடியைச் சர்க்கரைக் கட்டியுடன் காலையும் மாலையும் உண்டதையும் அவர் மறைக்கவில்லை. அது மருந்தாயிற்றோ மயக்கமாயிற்றோ, ஒன்று மட்டும் தெளிவு. அறிவும் துணிவும் உணவும் ஆயுதமும் எல்லாம் அமைந்த பின்னும், வழியில் நீர் இல்லையெனின் வறண்ட நாட்டிற் பயணம் இல்லை.

யாழ்ப்பாணத்து வண்டிக்காரர் இவ்வுண்மையைத் தம் தொழிலிலேயே கற்றிருந்தனர். அவர்கள் வண்டியின் மரச்சக்கரம் வெயிலில் உலர்ந்து சுருங்கும். சுருங்கினால் இரும்புப் பட்டம் தளர்ந்து கழன்றுவிடும். ஆகவே புறப்படுமுன் சக்கரத்தை நீரில் ஊறவிட்டு மரத்தை உப்பச் செய்வர். அச்சுக்கு எண்ணெயும் கரியும் குழைத்துப் பூசுவர். காளைகளுக்கு இலாடம் அடிப்பிப்பர். உணவு, வெயிலிற் கெடாததாய் இருத்தல் வேண்டும். முதல் நாளுக்குப் புளிச்சோறு. அதற்குப் பின் புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, பொரிமா, ஊறுகாய். பனையின் விளைபொருள்கள் வழிப்போக்கருக்கென்றே ஆக்கப்பட்டவைபோல அமைந்திருந்தன. மாதக் கணக்கிற் கெடாத புழுக்கொடியலை மென்றுகொண்டே காத தூரம் நடந்துவிடலாம்.

நீருக்குச் சுரைக் குடுவையும் மண்குடமும் கொண்டனர். மண்குடத்தின் நுண்துளைகளாற் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்யும். காற்று உலர்ந்து வீசும் அளவுக்குக் குளிர்ச்சியும் மிகும். ஆகவே சோளகம் மிகக் கொடிதாய் வீசும் நாளிலேயே குடத்து நீர் மிகத் தண்ணென்று இருக்கும். கலங்கிய குளநீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டை மடியில் இருக்கும். அதனைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்து நீரை வார்த்து வைத்தால், சிறிது நேரத்திற் சேறு அடியிற் படிந்துவிடும். கொட்டையிலுள்ள புரதம் மண்துகள்களை ஒன்றுசேர்த்து அமிழ்த்துகிறது என்று இக்கால விஞ்ஞானம் கூறும். காரணம் அறியாத காலத்திலும் காரியம் செவ்வனே நடந்தது.

பயணம் இரவில் நிகழ்ந்தது. வெயில் தணிந்த பின் வண்டி பூட்டி, விடியுமுன் அடுத்த நீர்நிலையைச் சேர்ந்துவிட வேண்டும். யானைக்கும் கரடிக்கும் அஞ்சிப் பல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அணிவகுத்துச் செல்லும். வண்டியின் அடியில் இலாந்தர் ஆடும். காட்டு வழியிற் புகுமுன் இலைக்கொத்தொன்றை முறித்து மரக்கிளையிலே தொங்கவிட்டுப் பிள்ளையாரை நினைத்துச் செல்வது வழிப்போக்கர் வழக்கம். மாங்குளத்துக்கு வடக்கே முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இன்றும் ஊர்திகள் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு செல்வதில் அப்பழைய அச்சத்தின் சுவடு உள்ளது.

இனி ஒரு கணக்குப் பார்த்தல் தகும். கடும் வெயிலில் நடக்கும் மனிதன் மணிக்கு ஒரு லீற்றர் அளவு நீரை வியர்வையாக இழத்தல் கூடும். வண்டி இழுக்கும் காளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் நீர் வேண்டும். இரு காளைகளும் நான்கு மனிதரும் உள்ள வண்டிக்கு, சமையலுக்கும் சேர்த்து, ஒரு நாளைக்கு 100 லீற்றர் போதாது. ஐந்து நாளுக்குரிய நீரை ஏற்றினால் வண்டியில் வேறு பாரம் ஏற்ற இடமிராது. எனவே பயணி தன்னுடன் கொண்டு செல்லக்கூடியது ஓர் இடத்திலிருந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்ச் சேரும் அளவு நீரே. எஞ்சியதெல்லாம் வழியிலே அவனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இக்கணக்கை மனத்திற் கொண்டு கண்டி வீதியின் ஊர்ப் பெயர்களை நோக்கினால் ஒரு வரலாறு புலப்படும். தாண்டிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என நிரல்பட வருவன யாவும் நீர்நிலைகளின் பெயர்கள். குளம் இருந்தமையால் ஊர் இருந்தது; ஊர்கள் இருந்தமையால் வழி பிறந்தது.

ஆனால் குளம் இயற்கையாய் அமைந்த ஏரி அன்று. மண்ணாற் கட்டிய கரை ஒவ்வொரு மாரியிலும் கரையும், ஆமையும் உடும்பும் துளையிடும், மரவேர் பிளக்கும். கோடையில் கரைக்கு மண் போட்டு, துருசைப் பழுது பார்த்து, வான் பாயும் இடத்தைச் சீராக்கினால் அல்லது அடுத்த மாரியில் நீர் தங்காது. இவ்வேலையை வயலுடையோர் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கிட்டுச் செய்வது பழைய முறை. குளக்கட்டில் ஐயனாரை வைத்துப் பொங்கலிட்டதும் அக்கடமைக்குத் தெய்வத்தைச் சாட்சி வைத்ததே எனலாம். காலபோக நெல்லுக்காகவே ஊரார் கரையைக் காத்தனர். ஆயினும் அறுவடைக்குப் பின் குளத்தின் அடியில் எஞ்சிய நீர், ஆவணி மாதத்து நள்ளிரவில் முன்பின் அறியாத ஒரு வண்டிக்காரனின் காளைகளையும் காத்தது. பயணத்துக்கான முன்னேற்பாட்டிற் பெரும்பகுதியைப் பயணம் செய்யாதவர்களே செய்து வைத்திருந்தனர் என்பதே இவ்வழியின் வரலாறு உணர்த்தும் செய்தி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கடமை அறமாகவே வளர்ந்தது. கேணி, அதன் அருகே கால்நடை உடம்பு உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், சுமையைப் பிறர் துணையின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கி, இளைப்பாற மடம் ஆகியவற்றைச் செல்வர்கள் தெருவோரங்களில் அமைத்தனர். கோடைத் திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தல் இட்டனர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும், மடுத் திருப்பதியின் யூலை, ஓகஸ்ட் மாதப் பெருவிழாக்களும் கடும் வறட்சிக் காலத்திலேயே வருவன. மதவேறுபாடின்றி அடியார்கள் அவ்வெயிலிலே காடு கடந்தது, வழியில் நீர் இருக்கும் என்னும் நம்பிக்கையால்.

அந்நம்பிக்கை பொய்த்த கதையும் உண்டு. 1832-இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை ஏற்றுப் பிரித்தானிய அரசு கட்டாய ஊழிய முறையை ஒழித்தது. மனிதனை அடிமைப்போக்கில் வேலை வாங்கும் முறை ஒழிந்தது நன்றே. ஆனால் குளக்கரைக்கு மண் போடும் பொதுக் கடமைக்கும் அத்துடன் ஆதாரம் தளர்ந்தது. அதற்கு மாற்று எதுவும் வகுக்கப்படவில்லை. வன்னிக் குளங்கள் பலவற்றின் சிதைவு பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்து வந்ததே. எனினும் எஞ்சியவற்றின் சீர்கேட்டுக்கு இதனையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர் கூறுவர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. இடையே 24 ஆண்டுகள் கழிந்தன.

அந்த 24 ஆண்டுகளிலேதான் மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தின் வறிய கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வடபாதை எனப்பட்ட இவ்வழி, கனகராயன்குளத்தினூடு வரும் கண்டி வீதியை வவுனியாவுக்குத் தெற்கே மதவாச்சியிற் சந்திக்கிறது. யாழ்ப்பாணத்து வண்டிக்காரனுக்கு வழி தெரியும். நாள் பார்க்கத் தெரியும். மடியில் தேற்றாங்கொட்டையும் பெட்டியிற் புழுக்கொடியலும் இருக்கும். இத்தொழிலாளருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. கங்காணியின் பின்னே, பட்டினியால் மெலிந்த உடலோடு, குழந்தையைத் தோளிற் சுமந்து அவர்கள் நடந்தனர். வற்றிய குளத்தின் சேற்று நீரைக் குடித்தனர். வாந்திபேதியும் வயிற்றுளைவும் அம்மையும் அவர்களைத் தொடர்ந்தன. இறந்தோர் தொகைபற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1840-களில் ஆயிரக்கணக்கானோர் வழியோரங்களில் மாண்டனர் என்பதில் ஐயமில்லை.

தோட்ட முதலாளிகள் தொழிலாளரின் வரவை எதிர்பார்த்தார்களே அன்றி, வழியைப் பற்றி நெடுங்காலம் எண்ணவில்லை. 1858-இற் சட்டமொன்று இயற்றப்பட்டுக் குடிவரவுத் தொழிலாளர் ஆணைக்குழு நிறுவப்பட்டது. காலப்போக்கில் வடபாதையிற் கிணறுகளும் தங்குமிடங்களும் மருத்துவ நிலையங்களும் அமைந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது மக்கள் மீண்டும் வெள்ளமென இவ்வழியிற் பெருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய் அச்சத்தால் அரசு இப்பாதையை மூடியது. கிணறு தோண்ட இயலும் என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. முன்னரே தோண்டியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்னும் வினாவுக்கு விடை இல்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் வன்னி வழியின் தன்மை மாறிற்று. 1905-ஆம் ஆண்டு சனவரியில், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பதவி ஏற்கச் சென்றபோது, புகையிரதப் பாதை நடுவில் இன்னும் இணையவில்லை. அனுராதபுரத்துக்கு அப்பால் அஞ்சல் வண்டியே கதி. அதுவும் மாட்டு வண்டிதான். அஞ்சற் பைகளின் மேலேயே பிரயாணிகள் படுத்துக் காட்டைக் கடந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1956-இல் யாழ் தேவி விரைவு வண்டி வந்தது. நான்கு ஐந்து இரவுகளின் வழி ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கியது. பயணிக்குக் குளம் தேவையில்லாததாயிற்று. சாளரத்துக்கு வெளியே கணத்தில் மறையும் காட்சியாயிற்று.

ஆனால் வரலாறு நேர்க்கோட்டிற் செல்வதன்று. 1990-இல் வடக்கே செல்லும் புகையிரதம் நின்றது. கண்டி வீதி போரினால் மூடுண்டது, 2002-இல் திறக்கப்பட்டது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 1995-ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் வன்னிக் காடுகளில் வந்து குடில் அமைத்தபோது, முதலில் தேடியது நீரையே. 2008-இலும் 2009-இலும் வன்னி மக்களே ஊர்களை விட்டு நீங்க நேர்ந்தது. கனகராயன்குளத்தின் மக்களும் அவர்களுள் அடங்குவர். நாள் பார்க்கவும், சக்கரத்தை ஊறவைக்கவும், வழியுணவு கட்டவும் அவகாசமின்றிப் புறப்பட்ட பயணம் அது. 2009-இற் போர் முடிந்தபின் வீதி திறந்தது. 2014 அக்டோபரிற் புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. திரும்பி வந்த குடிகள் கூரை வேய்ந்ததோடு நில்லாது, தூர்ந்த கிணறுகளை இறைத்தனர், குளக்கட்டுகளைச் சீர்செய்தனர்.

இன்று கனகராயன்குளத்தைக் கடக்கும் பிரயாணியின் கையிற் போத்தல் நீர் உண்டு. வண்டியின் உள்ளே குளிர்காற்று உண்டு. ஆயினும் வன்னியின் கோடை அன்றிருந்த கோடையே. வவுனியாவிலும் அதற்குத் தெற்கே உள்ள மாவட்டங்களிலும் 1990-கள் முதல் அறியப்பட்டுவரும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இதுவென்று முற்றாக நிறுவப்படவில்லை. நிலத்தடி நீர்மேல் ஐயம் விழுந்தமையால் வடிகட்டிய நீரை விலைகொடுத்து வாங்கும் குடும்பங்கள் பெருகியுள்ளன. நீர் உண்டோ என்று கேட்ட நாட்டில், நீர் நல்லதோ என்னும் கேள்வி இப்பொழுது சேர்ந்துள்ளது. இரு கேள்விகளுக்கும் தனி மனிதன் தன் குடுவையில் விடை கொண்டு செல்ல இயலாது.

வைகாசியிற் பாலை மரங்கள் பழுக்கும். வெயில் மற்றவற்றைக் கருக்கும் அக்காலத்தில், அம்மரம் மஞ்சட் பழங்களை உதிர்த்து வழிப்போக்கரின் நாவை நனைக்கும். அதே பழத்துக்குக் கரடியும் வரும். வற்றிவரும் குளம் பயணிக்கு நீர் தரும். அதே நீருக்கு யானையும் வரும். வன்னியின் கோடை இவ்வாறு கொடுத்தும் அச்சுறுத்தியும் மனிதனுக்கு ஒன்றைக் கற்பித்தது. வெயிலைக் கடக்கும் ஆயத்தம் வெயில் வந்தபின் தொடங்குவதன்று. முந்திய ஆண்டிற் கரைக்கு மண் சுமந்தவன் கூடையிலே அது தொடங்கியது. அம்மண்ணைச் சுமந்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் காத்த குளங்களின் பெயர்களே இன்று ஊர்ப் பெயர்களாய் வீதியோரப் பலகைகளில் நிற்கின்றன.